மின்னஞ்சல் வருகிறது, போகவில்லையா? வீட்டு இணைய இணைப்பில் படிப்படியாகச் சரிசெய்யும் முழுமையான வழிகாட்டி

மலேசியாவில், பிரிக்பீல்ட்ஸில் வீட்டிலிருந்தே கணக்கு எழுதுபவர், பட்டர்வொர்த்தில் டியூஷன் நடத்துபவர், செந்தூலில் கேட்டரிங் ஆர்டர் எடுப்பவர் என்று சொந்தப் பெயரில் மின்னஞ்சல் முகவரி வைத்துத் தொழில் செய்பவர்களுக்காக இது எழுதப்பட்டது. மாதக் கடைசியில் இன்வாய்ஸ் அவுட்பாக்ஸிலேயே கிடக்கும். வரும் மடல்களோ வந்துகொண்டே இருக்கும். உடனே கணக்கை அழித்து மறுபடி சேர்ப்பார்கள், ரவுட்டரை ரீசெட் செய்வார்கள், வைஃபை கடவுச்சொல்லையும் மாற்றுவார்கள். எது கெட்டிருந்தது, எது சரியானது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

கீழே உள்ள வரிசை முக்கியம். முதல் மூன்று படிகளில் எந்த அமைப்பையும் தொட வேண்டியதில்லை, பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும். பெரும்பாலும் அந்த மூன்றிலேயே கோளாறு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு தாளும் பேனாவும். டேட்டா உள்ள ஒரு கைப்பேசி. அதே வைஃபையில் இயங்கும் இன்னொரு கணினி இருந்தால் நல்லது. ஹோஸ்டிங் நிறுவனம் (உங்கள் மின்னஞ்சலைத் தன் சர்வரில் வைத்து நடத்துபவர்கள்) முதலில் அனுப்பிய அமைப்பு விவரங்கள்: வெளிச்செல்லும் சர்வரின் பெயர், போர்ட் எண் (சர்வரில் ஒவ்வொரு வேலைக்கும் உள்ள கதவின் எண்), பயனர் பெயர். இந்த மடல் கிடைக்காவிட்டால் அவர்களிடமே மறுபடி கேளுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம்.

எக்காரணம் கொண்டும் முதல் வேலையாகக் கணக்கை அழிக்காதீர்கள். கணக்கு பாப் முறையில் (மடல்களைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறை) அமைந்திருந்தால் பழைய மடல்கள் உங்கள் கணினியில் மட்டுமே இருக்கக்கூடும். அழித்தால் பல வருட இன்வாய்ஸ்களும் சேர்ந்து போய்விடலாம். அனுப்பும் கோளாறுக்குக் கணக்கை அழிப்பது அநேகமாகத் தேவைப்படுவதே இல்லை.

2. பிழைச் செய்தியை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்

“ஏதோ எரர் வந்தது” என்று சொன்னால் யாராலும் உதவ முடியாது. திரையில் வருவதை எண் உட்பட எழுத்து மாறாமல் தாளில் எழுதுங்கள், அல்லது படம் எடுத்து வையுங்கள். அந்த எண்தான் அடுத்து எந்தப் படிக்குப் போவது என்று சொல்கிறது.

‘டைம்ட் அவுட்’ என்றோ சர்வரை அடைய முடியவில்லை என்றோ வந்தால், உங்கள் கணினி தட்டிய இடத்திலிருந்து பதிலே வரவில்லை. படி 3, 4, 5 பாருங்கள். 530, 534, 535 வந்தால் இணைப்பு நன்றாக இருக்கிறது, உங்களைத்தான் அடையாளம் தெரியவில்லை. படி 7. ‘சர்டிபிகேட்’ என்ற சொல் வந்தால் படி 8. 552 என்றால் மடல் பெரிது (படி 9), அல்லது பெறுபவரின் பெட்டி நிரம்பியிருக்கிறது. 550, 553, 554 என்றால் சர்வர் உங்களோடு பேசிய பிறகு மடலை மறுத்திருக்கிறது. படி 10.

முதல் இலக்கத்தையும் கவனியுங்கள். 4-இல் தொடங்கும் 421, 450, 451 போன்றவை தற்காலிக மறுப்பு. அரை மணி நேரம் விட்டு மறுபடி அனுப்பினால் பெரும்பாலும் போய்விடும். 5-இல் தொடங்குபவை நிரந்தர மறுப்பு. எதையாவது மாற்றாமல் திரும்பத் திரும்ப அனுப்பினால் பலன் இல்லை, சில நேரம் படி 6-இல் சொல்லும் பூட்டில் கொண்டுபோய் விடும்.

3. லைனை மாற்றிப் பாருங்கள்

கைப்பேசியின் வைஃபையை முதலில் அணையுங்கள். பிறகு ஹாட்ஸ்பாட் போட்டு, கணினியை அதில் இணைத்து, இணைப்புக் கோப்பு இல்லாத ஒரு வரி மடலை உங்களுக்கே அனுப்புங்கள். புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். சில ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் தாம் இணைந்திருக்கும் வீட்டு வைஃபையையே ஹாட்ஸ்பாட்டாகப் பகிரும். வைஃபையை அணைக்காவிட்டால் அதே லைனைத்தான் மறுபடி சோதிக்கிறீர்கள். விபிஎன் இருந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள்.

ஹாட்ஸ்பாட்டில் போகிறது, வீட்டு லைனில் போகவில்லை என்றால் உங்கள் கடவுச்சொல்லும் அமைப்பும் சரி. கோளாறு ரவுட்டர், இணையச் சேவை, அல்லது உங்கள் வீட்டு ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் வீட்டு லைனை அடையாளம் காட்டும் எண்). இரண்டிலும் ஒரே பிழை வந்தால் லைனைக் குறை சொல்லிப் பயனில்லை. கோளாறு கணக்கிலோ கணினியிலோ இருக்கிறது.

பிரவுசரில் வெப்மெயில் திறந்தும் ஒன்று அனுப்பிப் பாருங்கள். அங்கிருந்து போனால் முகவரியும் டொமைனும் (அட் குறிக்குப் பின்னால் வரும் பெயர்) உயிரோடு இருக்கின்றன என்று அறியலாம், அவ்வளவுதான். வெப்மெயில் சாதாரண இணையதளம் போல 443-ஆம் போர்ட்டில் போகிறது. ஆகவே மெயில் போர்ட்களைப் பற்றி அது எதையும் நிரூபிக்காது. அவசர இன்வாய்ஸ் இருந்தால் அதை வெப்மெயிலில் அனுப்பிவிட்டு நிதானமாக மீதியைப் பாருங்கள்.

4. போர்ட்டும் குறியாக்கமும் ஜோடி சேர்ந்திருக்க வேண்டும்

மடல் வாங்குவதும் அனுப்புவதும் தனித்தனி வேலைகள். வாங்க ஐமாப் (போர்ட் 993) அல்லது பாப் (995). அனுப்ப எஸ்எம்டிபி. ஒன்று ஓடுவதால் மற்றதும் ஓட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

எஸ்எம்டிபிக்கு மூன்று போர்ட்கள் உண்டு. 25 என்பது சர்வரும் சர்வரும் தங்களுக்குள் பேச. வீட்டுக் கணினிகளில் புகுந்த தீநிரல்கள் அதன் வழியாகக் குப்பை மடல்களை நேரடியாகக் கொட்டியதால், வீட்டு இணைப்புகளில் 25-ஐ அடைத்துவைப்பது இணையச் சேவை நிறுவனங்களின் உலகளாவிய வழக்கம். அடைத்திருந்தால் அது பழுதும் அல்ல, அதைத் திறக்கச் சொல்லிச் சண்டை போடத் தேவையும் இல்லை. உங்கள் அமைப்பில் 25 என்றிருந்தால் மாற்றிவிடுங்கள். நம்மைப் போன்ற பயனர்களுக்கானவை 587-உம் 465-உம்தான்.

587 என்றால் குறியாக்கம் (வழியில் பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவது) ‘ஸ்டார்ட்டிஎல்எஸ்’. 465 என்றால் ‘எஸ்எஸ்எல்/டிஎல்எஸ்’. இந்த ஜோடி மாறினால் வரும் பிழை ஆளைக் குழப்பும். 465-இல் ஸ்டார்ட்டிஎல்எஸ் போட்டால், சர்வர் முதலில் வணக்கம் சொல்லட்டும் என்று உங்கள் மென்பொருள் காத்திருக்கும். நீங்கள் குறியாக்கத்தைத் தொடங்கட்டும் என்று சர்வர் காத்திருக்கும். இருவரும் காத்திருந்து கடைசியில் ‘டைம் அவுட்’. பார்ப்பதற்கு லைன் அடைபட்டது போலவே இருக்கும். இதனால்தான் சேவை நிறுவனத்தை அழைப்பதற்குமுன் இந்த ஜோடியைப் பார்க்கச் சொல்கிறோம்.

பழைய இணைப்பை விட்டுப் புதிய நிறுவனத்துக்கு மாறியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் இணையச் சேவை நிறுவனத்தின் அனுப்பும் சர்வரையே போட்டுவைப்பது வழக்கம். அந்தச் சர்வர் தன் வாடிக்கையாளர்களிடமிருந்து மட்டுமே மடல் வாங்கும். லைன் மாறிய அன்றே அது உங்களை மறுத்துவிடும். மின்னஞ்சல் யாரிடம் இருக்கிறதோ அவர்களுடைய சர்வர் பெயரைத்தான் போட வேண்டும்.

5. கதவு திறந்திருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள்

அமைப்பு சரியாக இருந்தும் டைம் அவுட் வந்தால், விண்டோஸில் பவர்ஷெல் திறந்து ‘டெஸ்ட்-நெட்கனெக்ஷன்’ என்று ஆங்கில எழுத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டுச் சர்வர் பெயர், பிறகு ‘-போர்ட் 587’ என்று கொடுங்கள். கடைசி வரியில் ‘டிசிபி டெஸ்ட் சக்சீடட்’ என்பதற்கு எதிரே ‘ட்ரூ’ என்று வந்தால் கதவு திறந்திருக்கிறது. ‘ஃபால்ஸ்’ என்றால் மூடியிருக்கிறது. பிங் (சர்வர் பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சிறு சோதனை) போகிறதா என்பதைப் பொருட்படுத்த வேண்டாம். பிங்குக்குப் பதில் சொல்லாத சர்வர்கள் நன்றாகவே வேலை செய்கின்றன, பதில் சொல்பவற்றிலும் 587 மூடியிருக்கலாம்.

ஒரே ஒரு சர்வரைச் சோதித்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். உங்கள் ஹோஸ்டிங் சர்வர், ஜிமெயிலின் எஸ்எம்டிபி.ஜிமெயில்.காம் இரண்டையும் 587, 465 இரண்டு போர்ட்களிலும் தட்டிப் பாருங்கள். ஜிமெயில் திறந்து உங்கள் ஹோஸ்டிங் மட்டும் மூடியிருந்தால் இணையச் சேவை நிறுவனத்தின் மேல் தவறில்லை. அடுத்த படிக்குப் போங்கள். இரண்டுமே மூடியிருந்தால் அதே வைஃபையில் உள்ள இன்னொரு கணினியில் இதையே செய்யுங்கள். அதில் திறந்திருந்தால் முதல் கணினியின் ஃபயர்வாலோ ஆன்டிவைரஸோ தடுக்கிறது. அதிலும் மூடியிருந்தால் ரவுட்டரின் ஃபயர்வால், பெற்றோர் கட்டுப்பாடு ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் சேவை நிறுவனத்தை அழைக்க வேண்டும். “என் வீட்டு லைனில் 587-உம் 465-உம் எந்தச் சர்வருக்கும் போகவில்லை, கைப்பேசி டேட்டாவில் போகிறது” என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் மோடத்தை அணைத்துப் போடச் சொல்லும் முதல் சுற்றைத் தாண்டி நேராக விஷயத்துக்கு வருவார்கள்.

6. உங்கள் வீட்டு ஐபி பூட்டப்பட்டிருக்கிறதா?

சொந்த டொமைன் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி நடப்பதும், கண்டுபிடிக்க அதிக நேரம் எடுப்பதும் இதுதான்.

பல ஹோஸ்டிங் சர்வர்களில், தவறான கடவுச்சொல் பல முறை வந்தால் அந்த ஐபியையே தடுக்கும் காவல் மென்பொருள் உண்டு. வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளும் வெளியே ஒரே ஐபியாகத்தான் தெரியும். லேப்டாப்பில் கடவுச்சொல்லை மாற்றிவிட்டீர்கள். அலமாரியில் சார்ஜரோடு கிடக்கும் பழைய கைப்பேசியில் மாற்றவில்லை. அது கால் மணிக்கு ஒரு முறை பழைய கடவுச்சொல்லோடு மடல் தேடிப் போகிறது. சர்வர் எண்ணிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் வீட்டையே பூட்டிவிடுகிறது. சரியான கடவுச்சொல் வைத்திருக்கும் லேப்டாப்பும் அதோடு வெளியே நிற்கிறது.

அறிகுறிகள் தெளிவானவை. உங்கள் சொந்த இணையதளமே வீட்டு வைஃபையில் திறக்காது, கைப்பேசி டேட்டாவில் திறக்கும். பெரும்பாலும் மடல் வருவதும் நின்றிருக்கும். ஆனால் அனுப்பும் போர்ட்களை மட்டும் பூட்டும் சர்வர்களும் உண்டு. ரவுட்டரை அணைத்துப் போட்டால் சில மணி நேரம் சரியாகி மறுபடி நிற்கும். அணைத்துப் போடும்போது புதிய ஐபி கிடைப்பதால் பூட்டு தற்காலிகமாக விலகுகிறது, பழைய கைப்பேசி அதையும் பூட்ட வைக்கிறது. இதைப் பார்த்துத்தான் “ரவுட்டர் பழுது” என்று பலர் புது ரவுட்டர் வாங்கிவிடுகிறார்கள்.

சரிசெய்யும் வரிசையைக் கவனியுங்கள். முதலில் பழைய கைப்பேசி, டேப்லட், பிள்ளைகளின் கணினி, அலுவலகத்தில் கொடுத்த ஐபேட் எல்லாவற்றிலும் அந்தக் கணக்கைத் தேடி, புதிய கடவுச்சொல்லைப் போடுங்கள், அல்லது கணக்கை முடக்குங்கள். பிறகு வீட்டு வைஃபையில் கூகுளில் ‘வாட் இஸ் மை ஐபி’ என்று ஆங்கிலத்தில் தேடி அந்த எண்ணைக் குறியுங்கள். கடைசியில் ஹோஸ்டிங்கிற்கு எழுதி, அந்த ஐபியின் பூட்டை எடுக்கச் சொல்லுங்கள். கருவிகளைத் தேடாமல் முதலில் பூட்டை எடுக்கச் சொன்னால் சில மணி நேரத்தில் மறுபடி விழும்.

எழுதும்போது கோளாறு நடந்த நேரத்தையும் கொடுத்து, அது மலேசிய நேரம், ஜிஎம்டி+8 என்று சேர்த்துவிடுங்கள். சர்வர் வேறு நாட்டில் இருந்தால் பதிவேட்டில் நேரம் மாறித் தெரியும், அவர்கள் தப்பான இடத்தில் தேடுவார்கள். எந்தக் கணக்கு தவறாக உள்ளே வர முயன்றது என்றும் கேளுங்கள். அது தெரிந்தால் எந்தக் கருவி என்று பிடித்துவிடலாம்.

7. 535: கடவுச்சொல் சரி, ஆனாலும் மறுக்கிறது

வருகிறது, போகவில்லை என்ற நிலைக்கு அசல் காரணம் பல நேரம் இதுதான்: மென்பொருள்கள் வாங்கும் கடவுச்சொல்லையும் அனுப்பும் கடவுச்சொல்லையும் தனித்தனியாகச் சேமிக்கின்றன. கடவுச்சொல் மாறியதும் வாங்கும் பக்கம் கேட்கிறது, கொடுக்கிறீர்கள். அனுப்பும் பக்கம் பழையதையே வைத்திருக்கிறது. தண்டர்பேர்டில் சேமித்த கடவுச்சொற்கள் பட்டியலைத் திறந்தால் எஸ்எம்டிபி என்று தொடங்கும் தனி வரி இருக்கும். அதை அழித்தால் அடுத்த முறை புதிதாகக் கேட்கும். ஐபோனில் கணக்கு அமைப்புக்குள் எஸ்எம்டிபி பகுதியைத் தனியாகத் திறந்து மாற்ற வேண்டும். பழைய வகை அவுட்லுக்கில் ‘அவுட்கோயிங் சர்வர்’ பக்கத்தில், சர்வருக்கு அங்கீகாரம் தேவை என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா பாருங்கள். அது இல்லாவிட்டால் 530, அல்லது ‘ரிலே’ (மடலை அடுத்த சர்வருக்குக் கடத்துவது) மறுப்பு வரும்.

பயனர் பெயர் முழு முகவரியாக இருக்க வேண்டும். அட் குறிக்கு முன்னால் உள்ளதை மட்டும் போடுவது பொதுவான தவறு.

ஜிமெயிலில், தனிநபர் கணக்குகளுக்குச் சாதாரணக் கடவுச்சொல்லோடு பழைய மென்பொருள்கள் நுழைவது 2022 மே 30 முதல் நிறுத்தப்பட்டது. கூகுள் வழியாக உள்நுழையும் வசதி மென்பொருளில் இல்லையென்றால், இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கி 16 எழுத்துள்ள ‘ஆப் பாஸ்வேர்ட்’ ஒன்றை உருவாக்கி அதைப் போட வேண்டும். கூகுள் கடவுச்சொல்லை மாற்றினால் ஆப் பாஸ்வேர்டுகள் எல்லாம் செத்துவிடும், மறுபடி உருவாக்க வேண்டும். இது தெரியாமல் குழம்புபவர்கள் ஏராளம். ஹாட்மெயில், அவுட்லுக்.காம் கணக்குகளில் 2024 செப்டம்பர் 16 முதல் வெறும் கடவுச்சொல் முறை ஏற்கப்படுவதில்லை. மென்பொருளில் ‘ஓஆத்2’ முறையை (நிறுவனத்தின் உள்நுழைவுப் பக்கத்திலேயே நுழைந்து அனுமதி தருவது) தேர்ந்தெடுக்க வேண்டும். அவுட்லுக் 2010 போன்ற பழைய பதிப்புகளில் அந்த வசதியே இல்லை.

8. சான்றிதழ் எச்சரிக்கை

முதலில் கணினியின் தேதி, நேரம், நேர மண்டலம் மூன்றையும் பாருங்கள். தேதி பிசகினால் நல்ல சான்றிதழும் (சர்வர் தன்னை நிரூபிக்கக் காட்டும் ஆவணம்) காலாவதியானதாகத் தெரியும். அடுத்து, சர்வர் பெயர். பகிர்வு ஹோஸ்டிங்கில் (பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே சர்வர்) ‘மெயில்’ என்று தொடங்கும் உங்கள் டொமைன் பெயருக்குச் சான்றிதழ் இல்லாமல், சர்வரின் சொந்தப் பெயருக்கு மட்டும் இருக்கலாம். ஹோஸ்டிங் நிறுவனம் கொடுத்த பெயரைப் போட்டால் எச்சரிக்கை போய்விடும். மூன்றாவது, ஆன்டிவைரஸின் மெயில் பாதுகாப்பு. அது நடுவில் நின்று தன் சான்றிதழைக் காட்டும். அந்தப் பகுதியை மட்டும் ஐந்து நிமிடம் நிறுத்திச் சோதியுங்கள், முழு ஆன்டிவைரஸையும் நிறுத்த வேண்டாம். எச்சரிக்கையைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதும், குறியாக்கத்தை ‘நன்’ (எதுவும் இல்லை) என்று மாற்றுவதும் தீர்வாகாது. உங்கள் கடவுச்சொல் வெளிப்படையாகப் பயணிக்கும்.

9. சின்ன மடல் போகிறது, பெரியது தொங்குகிறது

இணைப்புக் கோப்பு மடலுக்குள் எழுத்துகளாக மாற்றப்படும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பருமன் கூடுகிறது. சர்வரின் வரம்பு 20 எம்பி என்றால் ஏறக்குறைய 14 எம்பி கோப்புதான் போகும். ஜிமெயிலில் இணைப்புகளுக்கான வரம்பு 25 எம்பி. அதற்கு மேல் என்றால் டிரைவில் ஏற்றி இணைப்பு முகவரியை அனுப்புங்கள்.

வரம்புக்குள் இருந்தும் பாதியில் நின்றால், பழைய அவுட்லுக்கில் ‘சர்வர் டைம் அவுட்’ ஒரு நிமிடமாக இருக்கும். மூன்று, நான்கு நிமிடமாகக் கூட்டுங்கள்.

சொந்த ரவுட்டர் வாங்கி மாட்டியவர்களுக்கு இன்னொரு காரணம் உண்டு. யூனிஃபை (டிஎம் நிறுவனத்தின் வீட்டு இணையச் சேவை) இணைய லைன் விலான் 500-இல் (லைனுக்குள் பிரித்த தனித் தடம்), பிபிபிஓஇ முறையில் (பயனர் பெயர், கடவுச்சொல்லோடு இணைவது) ஓடுகிறது. அந்த முறை ஒவ்வொரு தரவுப் பொட்டலத்திலும் 8 பைட்டை எடுத்துக்கொள்வதால் எம்டியு (ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு) 1500 அல்ல, 1492. ரவுட்டரில் 1500 என்று இருந்தால் சிறிய பொட்டலங்கள் போய்ப் பெரியவை வழியில் தொலையலாம். ஒரு வரி மடல் போகும், பிடிஎஃப் தொங்கும். கட்டளைத் திரையில் பிங்கை ‘-எஃப்’, ‘-எல் 1464’ என்ற விருப்பங்களோடு, ஆங்கில எழுத்தில், பிங்குக்குப் பதில் சொல்லும் ஒரு தளத்துக்கு அனுப்புங்கள். 1464-உடன் தலைப்புக்கான 28 சேர்ந்தால் 1492. அது போகாவிட்டால் பத்துப் பத்தாகக் குறைத்து, போகும் மிகப் பெரிய எண்ணுடன் 28 கூட்டி, ரவுட்டரின் ‘வான்’ (வெளி இணைய) அமைப்பில் எம்டியுவாகப் போடுங்கள்.

தொங்கிய மடல் அவுட்பாக்ஸில் அடைத்துக்கொண்டு பின்னால் உள்ளவற்றையும் நிறுத்தும். ‘ஒர்க் ஆஃப்லைன்’ போட்டு அதை டிராஃப்ட்ஸுக்கு இழுத்துவிட்டு மீண்டும் ஆன்லைன் வாருங்கள்.

10. போய்விட்டது, ஆனால் திரும்பி வந்தது

இங்கே உங்கள் லைன் தன் வேலையை முடித்துவிட்டது. 550 5.1.1 என்றால் அப்படி ஒரு முகவரி இல்லை. எழுத்துப் பிழையைப் பாருங்கள். ‘டாட் காம் டாட் மை’ என்பதில் ‘மை’ விடுபடுவது சாதாரணம்.

550 5.7.26 ஜிமெயிலிலிருந்து வருவது. உங்கள் டொமைன் பெயரில் வந்த மடல் உண்மையில் உங்களுடையதா என்று அதனால் உறுதி செய்ய முடியவில்லை. 2024 பிப்ரவரி முதல் எல்லா அனுப்புநரிடமும் எஸ்பிஎஃப் (உங்கள் டொமைன் பெயரில் எந்தச் சர்வர்கள் அனுப்பலாம் என்ற பதிவு) அல்லது டிகிம் (மடலில் சேரும் டிஜிட்டல் கையொப்பம்) இருக்க வேண்டும் என்று கூகுள் கேட்கிறது. இரண்டையும் வைப்பதே நல்லது. எஸ்பிஎஃப் பதிவு ஒரு டொமைனுக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். ஹோஸ்டிங்கிற்கு ஒன்று, நியூஸ்லெட்டர் சேவைக்கு ஒன்று என்று இரண்டு வைத்தால் இரண்டுமே செல்லாது. ஒரே வரியில் சேர்த்து எழுதுங்கள். அதற்குள் டிஎன்எஸ் (டொமைன் பெயர்களின் பதிவேடு) தேடல்கள் பத்தைத் தாண்டக் கூடாது.

554 அல்லது 550-உடன் ‘ஸ்பாம்ஹாஸ் பிபிஎல்’ என்று வந்தால் பதற வேண்டாம். ஸ்பாம்ஹாஸ் என்பது குப்பை மடலைத் தடுக்கும் பட்டியல்களை நடத்தும் அமைப்பு. வீட்டு ஐபிகள் நேரடியாக மடல் அனுப்பக் கூடாதவை என்ற பட்டியல்தான் பிபிஎல், குற்றப் பட்டியல் அல்ல. 587 அல்லது 465-இல் அங்கீகாரத்தோடு அனுப்பினால் அது உங்களைத் தொடக் கூடாது. எனவே பெயரை நீக்கச் சொல்வதற்குமுன் படி 4-ஐயும் 7-ஐயும் பாருங்கள். ‘எக்ஸ்பிஎல்’ (அவர்களுடைய இன்னொரு பட்டியல்) என்று வந்தால் கதை வேறு. அந்த ஐபிக்குப் பின்னால் ஏதோ ஒரு கருவியில் தீநிரல் இருக்கிறது. மலிவு விலை ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸை முதலில் சந்தேகியுங்கள். அதைக் கழற்றிவிட்டுத்தான் நீக்கம் கேட்க வேண்டும்.

11. பிரிண்டரும் கேமரா ரெக்கார்டரும்

ஸ்கேன் செய்து மடலாக அனுப்பும் பிரிண்டர்களிலும் கேமரா ரெக்கார்டர்களிலும் தொடக்க அமைப்பு பெரும்பாலும் போர்ட் 25. அதை 587 அல்லது 465-ஆக மாற்றி, அதற்கேற்ற குறியாக்கத்தைத் தேர்ந்து, இதற்கென்றே ஓர் ஆப் பாஸ்வேர்ட் கொடுங்கள். உங்கள் முக்கியக் கடவுச்சொல்லை இவற்றில் வைக்காதீர்கள். அனுப்புநர் முகவரிக் கட்டம் காலியாக இருந்தாலோ வேறு முகவரி இருந்தாலோ 553 வரலாம். உள்நுழையும் அதே முகவரியைப் போடுங்கள்.

நேற்றுவரை அனுப்பிய ரெக்கார்டர் கரண்ட் போய் வந்த பிறகு நின்றுவிட்டால் அதன் கடிகாரத்தைப் பாருங்கள். உள்ளே இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்திருந்தால் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும், சான்றிதழ் சரிபார்ப்பு தோற்கும். பேட்டரி பெரும்பாலும் சிஆர்2032. அதை மாற்றி, நேர மண்டலத்தை ஜிஎம்டி+8 ஆக வைத்து, என்டிபி தானியங்கி நேரத்தை இயக்குங்கள். புதிய டிஎல்எஸ் தெரியாத பழைய பிரிண்டர் என்றால் மடல் அனுப்பும் முயற்சியை விட்டுவிட்டு, கணினியின் ஒரு ஃபோல்டருக்கு ஸ்கேன் செய்யும்படி வைத்து அங்கிருந்து அனுப்புங்கள்.